கடையில் பாடும் பாட்டு யாருடையது?

பதிவு கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள். கடை, மண்டபம், பட்டறை, ஜவுளி ஷோரூம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

சென்ற மாதம் திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் சின்ன சாப்பாட்டுக் கடை நடத்தும் என் பழைய மாணவர் போன் செய்தார். "சார், கடையில பாட்டு போடறதுக்கு லைசென்ஸ் எடுக்கணுமாம். நோட்டீஸ் வந்திருக்கு. பணம் கட்டலைன்னா கேஸ் போடுவோம்னு எழுதியிருக்காங்க. இது நிஜமா, இல்ல ஏமாத்து வேலையா?" என்று கேட்டார். சில நாள் கழித்து விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் அக்கா மகனும் இதே கேள்வியோடு வந்தான். மாணவர் பயந்துபோய் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டார். அக்கா மகன் பயந்துபோய்க் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டான். கேட்டது யார், எந்த உரிமையில் கேட்டார்கள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

நான் வக்கீல் இல்லை. ஆனால் எந்தச் சட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு, அந்த வரலாறு தெரிந்தால் பயம் பாதி குறையும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தவன். இந்தப் பாட்டு வழக்கின் வரலாற்றில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். என் வயதுக்காரர்கள் "அந்தக் காலத்திலேயே ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டினோமே, அதுதானே இது?" என்கிறார்கள். அது வேறு. ரேடியோப் பெட்டி வைத்திருக்க ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிந்து வாங்கினோம். டீக்கடை ரேடியோவுக்கும் உரிமம் உண்டு. அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போனது. 1980களின் நடுவில் அது ஒழிந்தது. பாட்டு எழுதியவருக்கோ மெட்டுப் போட்டவருக்கோ கேட்பவர் கொடுத்த பணம் அல்ல அது. இப்போது கேட்கப்படுவது பெட்டிக்கான பணம் இல்லை, பாட்டுக்கான பணம்.

அடுத்த குழப்பம்: "காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கினோம், கேசட் வாங்கினோம். அப்புறம் என்ன?" மைக் செட் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கலாம். பல இசைத்தட்டுகளில் நடுவில் ஒட்டிய வட்டத்தாளின் விளிம்பில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் சுற்றி ஓடும். அனுமதியில்லாமல் பொது இடத்தில் இதை ஒலிக்கவோ, ஒலிபரப்பவோ, நகல் எடுக்கவோ கூடாது என்பது அதன் பொருள். நம் திருவிழாக்களில் சுற்றிய தட்டுகளிலேயே அது இருந்தது. யாரும் படிக்கவில்லை, யாரும் வந்து கேட்கவுமில்லை. அவ்வளவுதான்.

ஒரு பாட்டை ஒரு வீட்டுப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று பங்கு. சொற்கள் ஒரு பங்கு, மெட்டு ஒரு பங்கு, ஸ்டூடியோவில் பதிவான ஒலி ஒரு பங்கு. மூன்றுக்கும் வேறு வேறு உரிமையாளர் இருக்கலாம். இது போதாதென்று பாடகருக்கும் 1994 திருத்தத்தின்படி நம் சட்டத்தில் தனி உரிமை வந்திருக்கிறது. ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று இடங்களிலிருந்து நோட்டீஸ் வருவது இதனால்தான்.

எங்கே தொடங்கியது?

1847. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் மறைந்த அதே ஆண்டு. பாரிஸ் நகரில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் ஒரு கஃபேக்குப் போனார். அங்கே அவருடைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தார்கள். குடித்ததற்குக் கடைக்காரர் பணம் கேட்டபோது, "என் பாட்டுக்கு நீ காசு கொடுக்கவில்லை, உன் பானத்துக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற வாதத்தில் நின்றார். வழக்கு நீதிமன்றம் போனது. பாடலாசிரியர் பக்கம் தீர்ப்பாயிற்று. ஊர் ஊராகப் போய் ஒருவரால் வசூலிக்க முடியாது என்பதால் 1851இல் பிரான்சில் இசைப் படைப்பாளிகள் சேர்ந்து 'சாசெம்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். நமக்குப் பக்கத்துப் புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இங்கிலாந்தில் இதே மாதிரிச் சங்கம் 1914இல் வந்தது.

கவனியுங்கள், இந்தக் கோரிக்கையின் வேர் நியாயமானது. தச்சருக்குக் கூலி உண்டு, கொத்தனாருக்குக் கூலி உண்டு. பாட்டுக் கட்டியவருக்கு மட்டும் ஏன் இல்லை?

வேலை செய்யும் இடத்துக்கு இந்தக் கேள்வி வந்தது இரண்டாம் உலகப் போரின்போது. தொழிற்சாலைகளில் உற்பத்தி கூட வேண்டும் என்று 1940 ஜூனில் பி.பி.சி. வானொலி தொழிலாளர்களுக்கென்றே இசை நிகழ்ச்சி தொடங்கியது. தொழிற்சாலைகள் ஒலிபெருக்கி வைத்தன. "எங்கள் ஆட்கள் மட்டும் கேட்கிறார்கள், வெளியாள் யாரும் இல்லை, இது எப்படிப் பொது நிகழ்ச்சியாகும்?" என்று முதலாளிகள் வாதாடினார்கள். 1943இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழிலாளர்கள் கேட்டாலும் அது பொதுவில் ஒலிப்பதுதான் என்றது. இன்று அலுவலகங்களுக்கும் பட்டறைகளுக்கும் வரும் கேள்வியின் மூலம் அங்கே இருக்கிறது.

ஓமந்தூரார் செய்தது

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன்.

பாரதியார் 1921இல் மறைந்தார். வறுமையில் விட்டுப்போன குடும்பம். அவருடைய எழுத்துகளின் உரிமை பின்னாளில் அவர் தம்பி விசுவநாதன் கைக்கு வந்தது. அதில் பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து ஒரு வணிகர் கைக்குப் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. ஏவி.எம். 1947இல் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன.

மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படம் எடுத்தார்கள். அதில் ஒரு பாரதி பாட்டு வந்தது. "உரிமை எங்களிடம் இருக்கிறது" என்று மெய்யப்பச் செட்டியாரிடமிருந்து அவர்களுக்கு நோட்டீஸ் போனது. டி.கே. சண்முகம் பணிந்து போகவில்லை. பாரதி பாட்டுக்குத் தனி முதலாளி ஒருவர் இருக்கலாமா என்ற கேள்வி தமிழ்நாடு முழுவதும் கிளம்பியது. நாரண துரைக்கண்ணன் போன்ற எழுத்தாளர்கள் இயக்கமாகத் திரண்டார்கள்.

அந்த நேரத்தில் சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்தவர் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த விவசாயி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம். 1949 மார்ச்சில் அரசே பாரதி எழுத்துகளின் உரிமையை வாங்கியது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். பாரதியின் மனைவி செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய். மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமல் அரசிடம் ஒப்படைத்தார். அடுத்த மாதமே ஓமந்தூரார் பதவியிலிருந்து இறங்கினார். சில ஆண்டுகளில், 1950களின் நடுவில், அரசும் தன் உரிமையைக் கைவிட்டு அந்த எழுத்துகளை மக்களுக்கே பொதுவாக்கியது.

நீங்கள் பள்ளி ஆண்டு விழாக்களில் யாரையும் கேட்காமல் பாரதி பாட்டுப் பாடினீர்களே, அதற்கு ஓமந்தூராரும் காரணம்.

இதில் நான் பார்ப்பது இரண்டு விஷயம். பாட்டு மக்களுக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தபோதும் அவர்கள் குடும்பத்தை வெறுங்கையோடு விடவில்லை. பணம் கொடுத்தார்கள். அதையும் ரகசியமாகச் செய்யவில்லை. யாருக்கு எவ்வளவு என்று ஊருக்கே தெரிந்தது. இந்த இரண்டும் இருந்தால் பாட்டுக்குக் காசு கேட்பதில் யாருக்கும் சண்டை இருக்காது.

சங்கங்கள் வந்த கதை

வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம் 1914இல் வந்தது. சுதந்திர இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டு 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளின் சார்பில் வசூலிக்கும் பி.பி.எல். 1941லேயே வந்துவிட்டது. பாடலாசிரியர், இசையமைப்பாளர், இசை வெளியீட்டாளர்களுக்கான ஐ.பி.ஆர்.எஸ். 1969இல் தொடங்கியது.

ஐ.பி.ஆர்.எஸ். வந்தவுடன் கட்டணப் பட்டியலை வெளியிட்டது. சினிமா தியேட்டர்காரர்களும் தயாரிப்பாளர்களும் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1977 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சம்பளம் கொடுத்துப் பாட்டு வாங்கிய தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதன் உரிமையாளர் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது எழுதியவரும் மெட்டமைத்தவரும் வெளியே. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிற கலைஞருக்கு நம் சட்டத்தில் உரிமையே இல்லாதது குறை என்று சுட்டிக்காட்டினார். பாடகருக்கு உரிமை தரும் திருத்தம் இயற்றப்பட அதற்குப் பிறகும் 17 ஆண்டு ஆனது.

எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் விடிவு 2012இல் வந்தது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் போராடினார். அந்த ஆண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சினிமாவுக்கு எழுதிய பாட்டானாலும் தியேட்டருக்கு வெளியே அது பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சம பங்கு உண்டு. அந்த உரிமையை அவர்களே நினைத்தாலும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆகவே முறையான சங்கத்துக்கு நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி ஏதோ ஒரு பாடலாசிரியர் வீட்டு அடுப்புக்குப் போகிறது. இதையும் மறந்துவிடக் கூடாது.

யாருக்குக் கேட்கும் உரிமை?

சிக்கல் இங்கேதான். பாட்டுகளுக்கு லைசென்ஸ் கொடுப்பதையே தொழிலாக நடத்துவதென்றால் பதிவு பெற்ற காப்புரிமைச் சங்கம் வழியாகத்தான் நடத்த வேண்டும் என்கிறது சட்டத்தின் 33ஆம் பிரிவு. ஆனால் பதிவு பெறாத சில கம்பெனிகள் பாட்டுக் கம்பெனிகளிடமிருந்து உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, "நாங்களே உரிமையாளர்" என்று வசூலிக்கின்றன.

இந்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நோவெக்ஸ் என்ற நிறுவனம், தங்கள் நிகழ்ச்சிகளில் லைசென்ஸ் இல்லாமல் பாட்டுப் போட்டதாக டி.எக்ஸ்.சி. டெக்னாலஜி, காக்னிசன்ட் ஆகிய கணினிக் கம்பெனிகள்மீது வழக்குப் போட்டது. 2021 டிசம்பர் 8 அன்று நீதிபதி அப்துல் குத்தூஸ், பதிவு பெற்ற சங்கமாக இல்லாத நிறுவனம் லைசென்ஸ் தொழில் நடத்த முடியாது என்று சொல்லி அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் இதற்கு நேர்மாறாக, உரிமையை எழுதி வாங்கியவரும் உரிமையாளரே, அவர் லைசென்ஸ் கொடுக்கலாம் என்றது. 2025 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பி.பி.எல். வழக்கில் சென்னையின் பக்கம் சாய்ந்தது. அதிலும் கட்டணம் பற்றிய உத்தரவுக்கு அதே மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது.

பெரிய ஹோட்டல்களும் கணினிக் கம்பெனிகளும் வக்கீல் வைத்து இதையெல்லாம் வாதாடுகிறார்கள். நான்கு மேசை போட்ட சாப்பாட்டுக் கடைக்காரர் என்ன செய்வார்? நோட்டீஸில் இருக்கும் ஆங்கிலத்தைப் பார்த்தே பணம் கட்டிவிடுகிறார்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பிட்ஸ்பர்க் நகரில் ஒரு சின்னக் கோழிக்கறிக் கடையில் ஒரு ரேடியோவும் கூரையில் நான்கு ஸ்பீக்கரும் இருந்தன. அதற்காக வழக்குப் போட்டார்கள். 1975இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு சட்டத்திலேயே விலக்கு எழுதினார்கள். 1998 திருத்தத்தின்படி 3,750 சதுர அடிக்குக் குறைந்த உணவகமும் 2,000 சதுர அடிக்குக் குறைந்த மற்றக் கடையும் ரேடியோ, டி.வி. போடப் பணம் கட்ட வேண்டாம். சி.டி.க்கும் மொபைலுக்கும் இந்த விலக்கு இல்லை. ஐரோப்பிய நாடுகள் இதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்புக்குப் போய் வென்றார்கள் என்பது தனிக் கதை. ஆனால் சின்னக் கடையும் ஐந்து நட்சத்திர ஹோட்டலும் ஒன்றல்ல என்று சட்டமே சொன்னது. நம் சட்டத்தில் சின்னக் கடைக்கென்று இப்படி ஒரு விலக்கு கிடையாது. இது வர வேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். பயந்து உடனே பணமும் கட்டாதீர்கள். காப்புரிமையைத் தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளையாட்டல்ல.

2. எழுத்தில் பதில் போடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். நீங்கள் பதிவு பெற்ற சங்கமா, பதிவுச் சான்று எங்கே? சொல், மெட்டு, ஒலிப்பதிவு இவற்றில் எதற்கு, எந்தெந்தப் பாட்டுகளுக்கு உரிமை கேட்கிறீர்கள்? வெளியிட்ட கட்டணப் பட்டியலில் என் கடை எந்த இனத்தில் வருகிறது? பதிவு பெற்ற சங்கங்களின் பட்டியல் மத்திய அரசின் காப்புரிமை அலுவலக இணையதளத்திலேயே இருக்கிறது. சொல்லுக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவுக்கு 2021இல் பதிவான ஆர்.எம்.பி.எல். என்று தனித்தனி.

3. கட்டுவதாக இருந்தால் ரசீதும் லைசென்ஸும் வாங்குங்கள். அதில் கடை முகவரியும் எந்தத் தேதி வரை என்பதும் இருக்க வேண்டும். நேரில் வருபவர் கையில் ரொக்கம் வேண்டாம்.

4. ஆதாரமில்லாமல் வழக்கு என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போகச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. உங்கள் வக்கீலிடம் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

5. மொபைல் செயலிக்கு மாதச் சந்தா கட்டுவது உங்கள் சொந்தக் காதுக்கு மட்டும். கடைக்கு அது லைசென்ஸ் ஆகாது.

6. மண்டபம் வைத்திருப்பவர்களுக்கு: உண்மையான சமயச் சடங்குகளில் பாட்டு ஒலிப்பதற்கு 52ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற நிகழ்ச்சிகளும் அதில் அடங்கும் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 2023 ஜூலை 24 அன்று மத்திய அரசும் இதைப் பொது அறிவிப்பாக நினைவுபடுத்தியது. கல்யாண வீட்டாரிடம் பாட்டுக்கென்று யாராவது பணம் கேட்டால் அந்த அறிவிப்பை எடுத்துக் காட்டுங்கள். புத்தாண்டுக் கொண்டாட்டம், கம்பெனி விருந்து போன்றவை இந்த விலக்கில் வராது.

7. தனியாக நிற்காதீர்கள். வணிகர் சங்கத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். பத்துக் கடை சேர்ந்து ஒரு வக்கீலைப் பார்த்தால் செலவு பத்தில் ஒன்று.

பாட்டுக் கட்டியவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். அது உண்மையான ஆளுக்கு, தெரிந்த கணக்கில், கடைக்காரரால் தாங்கக்கூடிய அளவில் போக வேண்டும். 1949இல் ஓமந்தூரார் ஆட்சி ஒரு கவிஞர் விஷயத்தில் அப்படிச் செய்து காட்டியது. இப்போது ஆளுக்கொரு நோட்டீஸாகப் பறப்பதால் கடைக்காரருக்கும் நிம்மதி இல்லை, பாடலாசிரியர்களுக்கும் வர வேண்டிய பணம் ஒழுங்காக வர வழியில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நோட்டீஸ் வந்திருந்தால், அனுப்பியவர் பெயரைக் கமெண்டில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். நம் பழைய மாணவர்களில் வக்கீல்கள் சிலர் இருக்கிறார்கள், பார்த்துச் சொல்வார்கள். கடை வைத்திருக்கும் உங்கள் நண்பர்களுக்கு இந்தப் பதிவைப் பகிருங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.